அம்பாசிடர்ல பெல்ட் ஃபேனை கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க

என்கிட்ட இருக்கறது பழைய பெட்ரோல் அம்பாசிடர், 1489 சிசி எஞ்சின். சென்னைலதான் ஓட்டுறேன். ஹைவேல எவ்வளவு தூரம் போனாலும் டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்கும், ஆனா லீவு முடிஞ்சு ஊரே திரும்பி வர்ற ராத்திரி பெருங்களத்தூர்ல மாட்டினா இருபது நிமிஷத்துல முள்ளு மேல ஏற ஆரம்பிச்சிடும். காரணம் ரொம்ப நேரடியானது. ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்கற ஃபேன் வாட்டர் பம்ப் புல்லி மேல போல்ட் ஆகியிருக்கு, அதை பெல்ட்டுதான் சுத்துது. ஐடிலிங்ல எஞ்சின் 700, 800 சுத்துதுன்னா ஃபேனும் கிட்டத்தட்ட அதே மெதுவுலதான் சுத்தும். காத்து அதிகமா வேண்டிய நேரத்துல காத்து கம்மி, 80 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப தேவையே இல்லாம வேகமா சுத்தி எஞ்சினோட சக்தியை கொஞ்சம் தின்னுது.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டா இது சரியாகும், எனக்கு ஆச்சு. ஆனா ஒரு நாள் வேலைன்னு நெனச்சு இறங்கினது ரெண்டு மாசம் இழுத்துச்சு, நடுவுல ரெண்டு தடவை பிரிச்சு மறுபடி பண்ணினேன், கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபா வீணாச்சு. அவ்வளவுக்கும் காரணம் வரிசை தப்பினதுதான். எல்லாரும் முதல்ல போய் ஃபேன் வாங்கிடுவாங்க, நானும் அப்படித்தான். உண்மைல ஃபேனை மாட்டுறது இதுல சின்ன வேலை. ரேடியேட்டர், சார்ஜிங், வயரிங் இந்த மூணும்தான் வேலையே. கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க.

பத்மினி, பழைய ஜீப் மாதிரி வாட்டர் பம்ப் மேல ஃபேன் இருக்கற எந்த வண்டிக்கும் முறை இதேதான், அளவு மட்டும் மாறும்.

1. உண்மைல ஃபேன்தான் பிரச்சனையான்னு பாருங்க

சிக்னல்ல நின்னா மட்டும் ஹீட் ஆகி, வண்டி நகர ஆரம்பிச்சதும் முள்ளு இறங்குதுன்னா காத்து பத்தலன்னு அர்த்தம், எலக்ட்ரிக் ஃபேன் உதவும். ஹைவேல 70, 80ல போறப்பவே ஹீட் ஆகுதுன்னா ஃபேனுக்கு அதுல சம்பந்தம் கிடையாது. அந்த வேகத்துல முன்னாடி இருந்து வர்ற காத்தே போதும், அப்பவும் ஏறுதுன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கு, இல்ல இக்னிஷன் டைமிங் பின்னாடி போயிருக்கு, இல்ல ஹெட் கேஸ்கெட்டு போகுது. அந்த வண்டில எந்த ஃபேனை மாட்டினாலும் காசுதான் போகும்.

ஒரு காலைல எஞ்சின் நல்லா ஆறி இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணி பாருங்க. தண்ணில விடாம குமிழி வந்துட்டே இருந்தா கேஸ்கெட்டை முதல்ல பாக்கணும். சூடான எஞ்சின்ல மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கற தண்ணி மூஞ்சில அடிக்கும்.

மூடியையும் சும்மா விட்டுடாதீங்க. அதோட ரப்பர் வாஷர் காஞ்சு போயிருந்தா பிரஷர் நிக்காது. ஒவ்வொரு பவுண்டு பிரஷருக்கும் தண்ணி கொதிக்கற சூடு சுமார் ஒன்றரை டிகிரி மேல போகும், 7 பவுண்டு மூடி ஒழுங்கா வேலை செஞ்சா 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும், மூடி போச்சுன்னா 100லயே கொதிச்சு வெளிய வந்துடும். உங்க மூடி மேல போட்டிருக்கற நம்பரைப் பாத்து அதே நம்பர் வாங்குங்க. நல்லதுன்னு நெனச்சு பெரிய நம்பர் மூடி போட்டா பழைய ரேடியேட்டரோட ஈயப் பத்து விட்டுப் போகும்.

அப்புறம் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வு. நம்ம ஊரு பாதி வண்டில இது இருக்காது, எந்தக் காலத்துலயோ ஒரு மெக்கானிக் தூக்கிப் போட்டிருப்பார். எலக்ட்ரிக் ஃபேன் போடுறதா இருந்தா தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும், ஏன்னு 6ல சொல்றேன். அது மேலயே எத்தனை டிகிரில திறக்கும்னு பொறிச்சிருக்கும், அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க.

அடுத்த வேலைக்கு முன்னாடியே 6ஐப் படிச்சு தெர்மோ சுவிட்சை (சூடு ஏறினா ஃபேனைத் தானா போடுற சுவிட்ச்) வாங்கி கையில வெச்சுக்கோங்க. ரேடியேட்டரை கழட்டி ரேடியேட்டர் பட்டறைல கொடுத்து டேங்கைப் பிரிச்சு உள்ள ராடு விட்டு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. வெறும் தண்ணி அடிச்சுக் கழுவுறது போதாது. எனக்கு இதுக்கு 2,800 ரூபா ஆச்சு, ரெண்டு நாள் எடுத்துக்கிட்டாங்க. இந்த வேலை முடிஞ்சதும் ஒரு வாரம் பழைய ஃபேனோடயே வண்டியை ஓட்டிப் பாருங்க. சில பேருக்கு பிரச்சனை இங்கயே தீர்ந்துடும். தீர்ந்துச்சுன்னா பெல்ட் ஃபேனை அப்படியே விட்டுடுங்கன்னுதான் நான் சொல்வேன், அது கெடவே கெடாத ஒரு பொருள்.

2. டைனமோவா ஆல்டர்னேட்டரான்னு பாருங்க

இதைத்தான் நான் விட்டேன், அதுக்குத்தான் அதிகமா கஷ்டப்பட்டேன்.

ரெண்டுமே பேட்டரியை சார்ஜ் பண்றதுதான். பழைய அம்பாசிடர்ல டைனமோ இருக்கும், நீளமா உருளை மாதிரி இருக்கும், கூடவே பானெட்டுக்குள்ள அதோட சார்ஜைக் கட்டுப்படுத்தற கட் அவுட் பெட்டி ஒண்ணு இருக்கும். பின்னாடி வந்த வண்டில ஆல்டர்னேட்டர், குட்டையா குண்டா இருக்கும். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்துல சுத்தினாலே 22 ஆம்பியர்தான் கொடுக்கும், ஐடிலிங்ல ஒண்ணும் கொடுக்காது. சிக்னல்ல நிக்கறப்ப டேஷ்போர்டுல சிவப்பு லைட்டு மினுக்குதுல்ல, அதோட அர்த்தம் அதுதான்.

இப்ப கணக்குப் போடுங்க. 60/55 ஹாலஜன் பல்பு ரெண்டு ஹை பீம்ல 10 ஆம்பியர். பார்க்கிங், டெயில், மீட்டர் லைட்டு எல்லாம் சேர்த்து 3. மழை பெஞ்சா வைப்பர் 3. இக்னிஷன் 4. இதுவே 20 வந்துடுச்சு. இது மேல எலக்ட்ரிக் ஃபேன் 9லேர்ந்து 12 வரைக்கும் இழுக்கும். அதுவும் ஃபேன் எப்ப ஓடும்? டைனமோ ஒண்ணும் கொடுக்காத ஐடிலிங்லதான் ஓடும். அப்ப எல்லாமே பேட்டரிலேர்ந்துதான் போகுது. நான் டைனமோவோடயே ஃபேன் போட்டு மூணு வாரம் ஓட்டினேன், ஒரு மழை நாள் ராத்திரி குரோம்பேட்டைல வண்டி நின்னப்ப ஸ்டார்ட்டர் டொக்குன்னு ஒரு சத்தம் போட்டதோட சரி.

அதனால டைனமோ வண்டின்னா முதல்ல ஆல்டர்னேட்டருக்கு மாத்துங்க. புதுப்பேட்டைல ரீகண்டிஷன் பண்ணின லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் கிடைக்கும், எனக்கு 4,500 ஆச்சு, பிராக்கெட்டை லேத் பட்டறைல சரி பண்ண 800, மாட்டுற கூலி 700. வாங்கறப்ப கவனிக்க வேண்டியது ரெண்டு. உள்ளயே ரெகுலேட்டர் இருக்கற டைப்பா பாத்து வாங்குங்க, பழைய கட் அவுட் பெட்டியை வயரிங்லேர்ந்து எடுத்துடணும். அப்புறம் ரொம்பப் பழைய வண்டில பேட்டரியோட ப்ளஸ் முனைதான் பாடிக்கு எர்த் ஆகியிருக்கலாம், அப்படி இருந்து அதைக் கவனிக்காம ஆல்டர்னேட்டரை மாட்டினா மாட்டின நிமிஷமே உள்ள இருக்கற டயோடு போயிடும். பேட்டரில எந்த முனைலேர்ந்து வர்ற வயர் பாடில முடியுதுன்னு கண்ணால பாருங்க.

ஏற்கனவே ஆல்டர்னேட்டர் இருந்தா ஒரு மல்டிமீட்டரை பேட்டரில வெச்சு, ஐடிலிங்ல ஹெட்லைட்டு போட்டுப் பாருங்க. 13 வோல்ட்டுக்கு மேல நின்னா மேல போகலாம். அதுக்குக் கீழ வந்தா பெல்ட் டென்ஷன், கார்பன் பிரஷ் எல்லாம் பாத்துட்டு வாங்க.

3. அளவெடுக்காம கடைக்குப் போகாதீங்க

பழைய ஃபேனை கழட்டி அளவெடுங்க. பேட்டரி மைனஸை முதல்ல எடுத்துடணும். நாலு போல்ட்டு, பழைய அம்பாசிடர்ல இன்ச் ஸ்பேனர்தான் ஏறும், என் வண்டிக்கு 7/16. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு தலையை மழுக்கிடாதீங்க.

எடுக்க வேண்டிய அளவு: ரேடியேட்டர் கோரோட (மெல்லிசு குழாயும் தகடும் இருக்கற நடு பாகம்) நீளம், அகலம். கோர்லேர்ந்து வாட்டர் பம்ப் புல்லி முகம் வரைக்கும் எவ்வளவு இடைவெளி. இதை மேல ஒரு இடத்துல, நடுவுல ஒரு இடத்துல, கீழ ஒரு இடத்துலன்னு மூணு தடவை எடுங்க, ஏன்னா எஞ்சின் நேரா உக்காந்திருக்காது. ஃபேன் மோட்டார் மாட்டினதுக்கு அப்புறம் புல்லிக்கும் மோட்டாருக்கும் நடுவுல ரெண்டு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கணும். எஞ்சின் ரப்பர் பெட் மேல நிக்குது, பிரேக் அடிச்சா முன்னாடி வரும், பள்ளத்துல இறங்கினா ஆடும். பெட் பழசா இருந்தா அதையும் இப்பவே மாத்திடுங்க.

கழட்டின ஃபேன், நடுவுல இருந்த ஸ்பேசர், நாலு போல்ட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல கட்டி டிக்கில போடுங்க. முதல் ஒரு மாசம் அது டிக்கிலயே இருக்கட்டும். வழில எலக்ட்ரிக் ஃபேன் நின்னு போச்சுன்னா அரை மணி நேரத்துல பழசை மாட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம், அதுக்கு ஏத்த மாதிரி ஸ்பேனரும் உள்ள இருக்கணும்.

4. ஃபேன் வாங்கறது

அம்பாசிடருக்குன்னு எலக்ட்ரிக் ஃபேன் தனியா தேடாதீங்க. மாருதி 800, ஆம்னி, ஜென் இந்த வண்டிங்களோட ரேடியேட்டர் ஃபேன் சல்லிசா கிடைக்கும், நாளைக்குக் கெட்டாலும் எந்த ஊர்லயும் மாத்து கிடைக்கும். ஊட்டி போற வழில மேட்டுப்பாளையத்துல நின்னாலும் கிடைக்கணும், அதுதான் முக்கியம். புதுசு வேணும்னா ஜிபி ரோடு, பழசு போதும்னா புதுப்பேட்டை. நான் பழசு 1,600க்கு வாங்கினேன்.

பழசு வாங்கப் போனா உங்க பேட்டரியையோ, ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியையோ கூடவே எடுத்துட்டுப் போங்க. முதல்ல கையால பிளேடை சுத்தி விடுங்க, அடைச்ச மாதிரி டக்குன்னு நிக்கக் கூடாது, கரகரன்னு சத்தம் வரக் கூடாது. பிளேடைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஷாஃப்ட்ல ஆட்டம் இருந்தா வேண்டாம். அப்புறம் பேட்டரில கொடுத்து அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, கடைக்காரர் போதும் போதும்பார், நீங்க ஓட விடுங்க. மோட்டார் தொட முடியாத அளவுக்கு சுட்டா உள்ள புஷ் போயிருக்கு. எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு கிளாம்ப் மீட்டர் வெச்சுப் பாத்துடுங்க, ஆனா வீட்டு வயரிங்குக்கு வெச்சிருக்கற சாதாரண கிளாம்ப் மீட்டர் டிசி கரண்ட்டைக் காட்டாது, டிசி அளக்கற மீட்டரா இருக்கணும். நான் வாங்கினது 9 ஆம்பியர்.

ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி, எஞ்சின் பக்கம் வந்தா காத்தை இழுக்கணும். கிரில் பக்கம் முன்னாடி வந்தா காத்தைத் தள்ளணும். மாருதி ஃபேன் எல்லாம் பின்னாடி உக்காந்து இழுக்கற டைப். முன்னாடி வெச்சா வயரை மாத்திப் போட்டு திருப்பி சுத்த விடலாம்னு சில பேர் சொல்வாங்க, சுத்தும், ஆனா பிளேடோட வளைவு ஒரு பக்கத்துக்குத்தான் செஞ்சிருக்கு, காத்து ரொம்பக் கம்மியா வரும். இடம் இருந்தா பின்னாடி இழுக்கற மாதிரி வைங்க, அதுதான் நல்லது.

சைஸ் விஷயத்துல ஒண்ணு யோசிங்க. 12 இன்ச் ஃபேனோட வட்டம் 113 சதுர இன்ச்தான். உங்க கோர் 16க்கு 16னா அது 256 சதுர இன்ச். ஃபேனை மட்டும் கோர் மேல ஒட்டி வெச்சா பாதிக்கும் மேல ரேடியேட்டர் சும்மாதான் நிக்கும். அதனால கவர் வேணும். டிங்கர்கிட்ட அலுமினியத் தகடுல ரேடியேட்டர் முழுக்க மூடுற மாதிரி ஒரு தட்டு, நடுவுல ஃபேனுக்கு ஓட்டை, கோர்லேர்ந்து ஒரு இன்ச்சாவது தள்ளி நிக்கற மாதிரி மடிச்சுத் தரச் சொல்லுங்க. எனக்கு 1,200 ஆச்சு. இந்தக் கவர் இல்லாம நான் ஓட்டினப்பவும் போட்டப்புறமும் இருந்த வித்தியாசம், ஃபேன் போட்டதுக்கும் போடாததுக்கும் இருந்த வித்தியாசத்துல பாதிக்குச் சமம்.

5. மாட்டுறது

வெளில விக்கற செட்டுகள்ல நீளமான பிளாஸ்டிக் ஊசி மாதிரி நாலு கொடுப்பாங்க, கோர் நடுவுல குத்தி மறுபக்கம் பூட்டுறது. அதைத் தொடவே தொடாதீங்க. வண்டியோட அதிர்வுல அது ஆடி ஆடி பக்கத்துல இருக்கற குழாயைத் தேய்ச்சு ஓட்டை போட்டுடும், 2,800 கொடுத்து சுத்தம் பண்ணின ரேடியேட்டர் போயிடும். ரேடியேட்டரோட ரெண்டு பக்க இரும்புச் சட்டம் இருக்கு, அதுலேர்ந்து பட்டை எடுத்து கவரைத் தாங்க விடுங்க, சேர்ற இடத்துல எல்லாம் ரப்பர் வாஷர் போடுங்க.

அடுத்தது நாலு போல்ட்டு விஷயம். பழைய ஃபேனை மாட்டியிருந்த அதே போல்ட்டுதான் வாட்டர் பம்ப் புல்லியையும் பிடிச்சிருக்கு. ஃபேனையும் ஸ்பேசரையும் எடுத்துட்டு அதே போல்ட்டைத் திருப்பிப் போட்டா அத்தனை தடிமன் குறைஞ்சதால போல்ட்டு முனை பின்னாடி நீட்டிக்கிட்டு வந்து பம்ப் பாடில உரசும். நான் மாட்டி ஸ்டார்ட் பண்ணின உடனே கிர்ர்னு ஒரு சத்தம், ஆஃப் பண்ணி டார்ச் அடிச்சுப் பாத்தா பம்ப் பாடில வெள்ளையா பளபளன்னு வட்டமா ஒரு கோடு விழுந்திருந்துச்சு. அஞ்சு செகண்டுல அந்தக் கோடு. அதே மரை இருக்கற குட்டை போல்ட்டு வாங்கி ஸ்பிரிங் வாஷரோட போடுங்க, போட்டுட்டு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால புல்லியை ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க. நாலு போல்ட்டு இருபது ரூபா, வாட்டர் பம்ப் விலை உங்களுக்கே தெரியும்.

ஃபேன் போச்சு, அப்ப பெல்ட் வேண்டாம்லன்னு ஒரு நண்பர் கேட்டார். பெல்ட் கண்டிப்பா வேணும், வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் அதுதான் சுத்துது. ரெண்டு புல்லிக்கு நடுவுல பெருவிரலால அழுத்தினா அரை இன்ச் இறங்கணும், அந்த அளவு டென்ஷன்.

மாட்டினதும் ஃபேனை நேரா பேட்டரில கொடுத்து ஓட விட்டு, கிரில் பக்கம் ஒரு முழு நியூஸ் பேப்பர் தாளைப் பிடிங்க. தாள் ரேடியேட்டர்ல அப்படியே ஒட்டி நிக்கணும், நாலு மூலையும் ஒட்டணும். நடுவுல மட்டும் ஒட்டி ஓரம் படபடன்னு அடிச்சா கவர்ல எங்கயோ காத்து போகுது. தாள் உங்க மேல வந்து விழுந்தா ஃபேன் தலைகீழா சுத்துது, ப்ளஸ் மைனஸை மாத்துங்க.

6. தெர்மோ சுவிட்ச்

டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வெச்சு நாமளே போட்டுக்கலாம்னு மட்டும் விட்டுடாதீங்க. பேசிக்கிட்டே போறப்ப ஒரு நாள் மறந்துடுவீங்க, ஒரே ஒரு நாள் போதும் ஹெட் வளைஞ்சு போக.

சுவிட்ச் மேல ரெண்டு நம்பர் இருக்கும், 92, 87ன்னு இருந்தா 92 டிகிரில ஆன், 87ல ஆஃப். இப்ப தெர்மோஸ்டாட் நம்பரை எழுதி வெச்ச பேப்பரை எடுங்க. ஃபேன் ஆஃப் ஆகுற நம்பர் தெர்மோஸ்டாட் திறக்கற நம்பரை விட மேல இருக்கணும். 82 தெர்மோஸ்டாட்டுக்கு 92, 87 சரியா வரும். 88 தெர்மோஸ்டாட் இருக்கற வண்டில அதே சுவிட்சைப் போட்டா எஞ்சின் 88ஐ விட்டு கீழ வராது, சுவிட்ச் 87க்குக் காத்துக்கிட்டே இருக்கும், ஃபேன் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லன்னா எஞ்சின் சூடு நிலையா இருக்காது, ஃபேனும் இஷ்டத்துக்கு ஓடும்.

எங்க வைக்கறது? ரேடியேட்டர் பட்டறைல கொடுக்கறப்பவே மேல் டேங்க்ல சுவிட்ச் மரைக்கு ஏத்த பித்தளை நட்டு ஒண்ணு பத்த வெச்சுத் தரச் சொல்லுங்க. அம்பாசிடர் ரேடியேட்டர் பித்தளைதான், சுலபமா பண்ணித் தருவாங்க, 300 ரூபா வாங்கினாங்க. அதனாலதான் 1க்குப் போறதுக்கு முன்னாடியே சுவிட்சை வாங்கி கையில வெச்சுக்கோங்கன்னு சொல்றேன், இல்லன்னா ரேடியேட்டரை ரெண்டாவது தடவை கழட்டணும். ரப்பர் ஹோஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கம்பியை நுழைச்சு விடுற டைப் சுவிட்ச் இருக்கு, அது ஒழுகும், வேண்டாம்.

ஹோஸை வெட்டி நடுவுல அலுமினியக் குழாய் சொருகி அதுல சுவிட்ச் மாட்டுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே முனை இருக்கற சுவிட்ச் தன்னோட பாடி வழியாத்தான் எர்த் ஆகும். அந்தக் குழாய் ரெண்டு பக்கமும் ரப்பர்ல நிக்குது, எர்த்தே கிடைக்காது, ஃபேன் ஓடவே ஓடாது. குழாய்லேர்ந்து பாடிக்கு ஒரு வயர் இழுக்கணும், இல்ல ரெண்டு முனை சுவிட்சா வாங்கணும். ஒரு முனை சுவிட்ச் மரைல டெஃப்லான் டேப்பை நெறைய சுத்தினாலும் இதே கதைதான்.

7. வயரிங்

என் வண்டிக்கு முதல்ல வயரிங் பண்ணின எலக்ட்ரீஷியன் ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) போடல. டேஷ்போர்டு சுவிட்ச் வழியா மெல்லிசான வயர்ல நேரா ஃபேனுக்குக் கொடுத்துட்டார். நாலாவது நாள் கத்திப்பாரா கிட்ட டேஷ்போர்டுக்குள்ளேர்ந்து மீன் கருகின மாதிரி ஒரு வாடை. வண்டியை ஓரம் கட்டி சுவிட்சை வெளிய இழுத்தா பின்பக்க பிளாஸ்டிக் காப்பிக் கலர்ல உருகி, ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டப் போற நிலைமைல இருந்துச்சு. ஃபியூஸ் கிடையாது. இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தா வண்டி இன்னிக்கு இல்ல.

சரியான முறை இது. பேட்டரி ப்ளஸ்லேர்ந்து 4 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளயே 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கேர்ந்து ரிலேவோட 30ஆம் நம்பர் முனை. ரிலே 87லேர்ந்து ஃபேன் ப்ளஸ், அதே தடிமன் வயர். ஃபேன் மைனஸ் பாடிக்கு, பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியற இடத்துல லக் (வயர் நுனில அழுத்தி மாட்டுற உலோக முனை) போட்டு இறுக்கணும், அது மேல கொஞ்சம் கிரீஸ். இதுல ஓடுறதுதான் பெரிய கரண்ட்டு.

சின்ன கரண்ட்டு பக்கம், இக்னிஷன் ஆன் பண்ணினா மட்டும் கரண்ட்டு வர்ற ஒரு ஃபியூஸ்லேர்ந்து ரிலே 86க்கு. ரிலே 85லேர்ந்து தெர்மோ சுவிட்சுக்கு, சுவிட்ச்லேர்ந்து எர்த். இதுக்கு 1 ஸ்கொயர் எம்எம் போதும். 85லேர்ந்து இன்னொரு வயரை டேஷ்போர்டுக்குக் கொண்டு போய் ஒரு சின்ன சுவிட்ச் வழியா எர்த் பண்ணிட்டா, தெர்மோ சுவிட்ச் கெட்டாலும் கையால போட்டுக்கலாம். 87லேர்ந்து ஒரு மெல்லிசு வயர், அதுக்குன்னு 2 ஆம்பியர் ஃபியூஸ் வெச்சு, டேஷ்போர்டுல சின்ன பல்புக்குக் கொடுங்க, ஃபேனுக்கு கரண்ட்டு போறப்ப எரியும். நூறு ரூபா கூட ஆகாது இதுக்கு. சுவிட்ச் வேலை செய்யுதா, ரிலே பிடிக்குதா, ஃபியூஸ் இருக்கான்னு ஓட்டுறப்பவே தெரியும்.

அஞ்சு முனை ரிலேல 87ஏன்னு ஒண்ணு நடுவுல இருக்கும், அதுல வயர் போட்டா ஃபேன் தலைகீழா, சூடு இல்லாதப்ப ஓடும். ரிலேவை முனைகள் கீழ பாக்கற மாதிரி மாட்டுங்க, மழைத் தண்ணி உள்ள தங்காது. முறுக்கி டேப் சுத்துற வேலையே வேண்டாம், எல்லாம் லக் போட்டு அழுத்தணும். ரிலே, சாக்கெட், ஃபியூஸ், வயர், லக், குழாய் உறை எல்லாம் சேர்த்து எனக்கு 1,150. தெர்மோ சுவிட்ச் 450.

86ஐ நேரா பேட்டரில கொடுத்தா வண்டியை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் ஃபேன் ஓடும்னு சொல்வாங்க. ஓடும், ஆனா எஞ்சின் நின்னா வாட்டர் பம்பும் நின்னுடும், பெருசா பிரயோஜனம் இல்ல, பேட்டரிதான் இறங்கும். அப்படி கொடுத்திருந்தா பானெட்டுக்குள்ள கை விடறப்ப ஜாக்கிரதை, சாவி உங்க பாக்கெட்ல இருக்கறப்பவே ஃபேன் திடீர்னு சுத்தும்.

8. சோதனை

வீட்டு வாசல்ல நிறுத்தி ஐடிலிங்ல விடுங்க. பக்கத்துல தண்ணியோட இருங்க. முள்ளு மெதுவா ஏறும், மேல் ஹோஸ் சூடாகும், நடுவுக்கு மேல கொஞ்சம் போனதும் ரிலே டிக்குன்னு சொல்லும், ஃபேன் கிளம்பும், அந்த நேரத்துல எஞ்சின் சத்தம் ஒரு நொடி தாழ்ந்து மறுபடி எழும். மூணு நாலு நிமிஷத்துல முள்ளு இறங்கி ஃபேன் நிக்கணும். இதை மூணு தடவை பாருங்க. முள்ளு முக்கால்வாசி தாண்டியும் கிளம்பலன்னா உடனே ஆஃப் பண்ணுங்க.

ஃபேன் ஓடுறப்ப பேட்டரி முனைல வோல்ட்டேஜ் பாருங்க, அப்படியே ஃபேன் முனைல பாருங்க. ரெண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எங்கயோ லக் சரியா அழுத்தல, இல்ல எர்த் சரியில்ல. அப்புறம் ஹெட்லைட்டு, வைப்பர், ஃபேன் மூணையும் ஒண்ணா போட்டு ஐடிலிங்ல பேட்டரி 13க்குக் கீழ போகாம நிக்குதான்னு பாருங்க.

முதல் ரெண்டு வாரம் ஊருக்குள்ளயே ஓட்டுங்க. பயணத்துக்கு முந்தின வாரம் இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. ஒண்ணு கவனிச்சீங்கன்னா, பழைய ஃபேன் எஞ்சின் மேலயும் எப்பவும் காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்ப அது இல்ல. வெயில்ல ஓட்டி நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா சில வண்டி இழுக்கும், பெட்ரோல் லைன்ல சூட்டுல ஆவி கட்டிக்கும். பெட்ரோல் ஹோஸை சைலன்சர் மேனிஃபோல்டுலேர்ந்து தள்ளி ஓட விட்டு, மேல வெப்பம் தாங்கற உறை போட்டதும் எனக்கு சரியாச்சு.

9. பேப்பர் விஷயம்

ஆர்டிஓ அலுவலகத்துல இதுக்கு எதாவது எழுதணுமான்னு நெறைய பேர் பயப்படுறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துலேர்ந்து ஆர்சி விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், எரிபொருள், சிசி, கலர் இதெல்லாம் ஆர்சில இருக்கு, ரேடியேட்டர் ஃபேன் இல்ல. நான் ஆர்சில எதுவும் மாத்தல. ஆனா 15 வருஷம் தாண்டின கார்னா 5 வருஷத்துக்கு ஒரு தடவை ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வண்டியைக் காட்டித்தான் ஆகணும், அப்ப பானெட்டுக்குள்ள வயர் தொங்கிக்கிட்டு இருந்தா கேள்வி வரும். அதனாலயும் உறை போட்டு ஒழுங்கா கட்டி வைங்க.

இன்சூரன்ஸ்தான் முக்கியம். பழைய வண்டிக்கு நெறைய பேர் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் வெச்சிருப்போம், வயரிங்னால வண்டி எரிஞ்சா அதுல ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தா, புதுசா சேர்த்த எலக்ட்ரிக்கல் பொருளை பாலிசில சேர்க்க முடியுமான்னு புதுப்பிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு, பதிலையும் எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. ஃபேன், ஆல்டர்னேட்டர், ரிலே எல்லாத்துக்கும் பில் வேணும். பழைய சாமான் கடைல பில் இல்லம்பாங்க, கடை ரப்பர் ஸ்டாம்ப்போட ஒரு துண்டுச் சீட்டாவது கேட்டு வாங்குங்க, எனக்கு ரெண்டு தடவை கேட்டதும் கொடுத்தாங்க. வேலைக்கு முன்னாடி, பின்னாடி போட்டோ எடுங்க. எந்த வயர் எந்தக் கலர், எங்கேர்ந்து எங்க போகுதுன்னு ஒரு தாள்ல வரைஞ்சு லேமினேட் பண்ணி கிளவ் பாக்ஸ்ல வெச்சுடுங்க, நாளைக்கு வேற ஊர்ல வேற எலக்ட்ரீஷியன் கை வெச்சாலும் அவருக்கும் அது உதவும்.

10. மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள்

ரேடியேட்டர் 2,800, நட்டு பத்த வெச்சது 300, ஆல்டர்னேட்டர் கூலியோட 6,000, ஃபேன் 1,600, கவர் 1,200, தெர்மோ சுவிட்ச் 450, வயரிங் சாமான் 1,150, மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ் கிளிப், கூலன்ட் 1,400, ரெண்டாவது எலக்ட்ரீஷியன் கூலி 1,000. ஆக 15,900. ஏற்கனவே ஆல்டர்னேட்டர் இருந்தா பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். முழுக்க புது சாமான் வாங்கினா இன்னும் மூணு நாலாயிரம் வெச்சுக்கோங்க.

நாள் கணக்குல ரேடியேட்டருக்கு ரெண்டு நாள், ஓட்டிப் பாக்க ஒரு வாரம், ஆல்டர்னேட்டருக்கு ஒரு நாள், கவரும் ஃபேனும் ஒரு நாள், வயரிங் அரை நாள். டிங்கர் சொன்ன நாள்ல கவர் தர மாட்டார், அதுக்கு ரெண்டு நாள் சேர்த்துக்கோங்க. மார்ச் மாசமே ஆரம்பிச்சீங்கன்னா கத்திரி வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம், மே மாசம் ரேடியேட்டர் பட்டறை வாசல்ல வண்டிங்க வரிசைல நிக்கும்.